நல்லாத்தான் வச்சிருக்காரு

(அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்ட வடிவம்.)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதென்ன தலைப்பு? யாரை யார் நல்லா வச்சிருக்காரு?" என்று கேட்டார். தலைப்பு என்னுடையதில்லை. ஓர் இருளர் பெண்ணிடம் கடன் வாங்கியது. எந்தச் சூழலில் அவர் அதைச் சொன்னார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. செங்குன்றத்தை அடுத்த ஓர் அரிசி ஆலையில் கொத்தடிமைகள் இருப்பதாகப் புகார் வந்து, வருவாய்த் துறையினர் விசாரணைக்குப் போனார்கள். வாக்குமூலம் எழுத ஆள் போதவில்லை என்று கல்லூரி ஆசிரியனான என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். நெல் அவிக்கும் தொட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. களத்தில் நெல்லைப் பரப்பியிருந்தார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க அந்தப் பெண் காலால் நெல்லைக் கிண்டிவிட்டபடியே எங்களுக்குப் பதில் சொன்னார். வேலையை நிறுத்தவில்லை. "மொதலாளி எங்கள நல்லாத்தான் வச்சிருக்காரு சார். புள்ளைக்கு காய்ச்சல்னா அவரு வண்டியிலயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாரு. பொங்கலுக்குத் துணி எடுத்துக் குடுத்தாரு. வேற யாரு குடுப்பா?"

எழுதிக்கொண்டேன். அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா என்று அச்சடித்த படிவத்தில் இருந்த கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். படிவத்தை மூடப்போனேன். எங்களோடு வந்திருந்த வயதான கிராம உதவியாளர் ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "அம்மா வூட்டுக்குக் கடைசியா எப்பம்மா போன?"

"எம் வூட்டுக்காரரு இங்க இருந்தா நான் போலாம். நான் இங்க இருந்தா அவரு போலாம். புள்ளைங்க எப்பவும் இங்கதான்."

பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. படித்தவன் நான் ஒரு பக்கம் எழுதியும் பிடிபடாத விஷயம், கிராம உதவியாளரின் ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். சிறைப்பட்டும் மனநிறைவோடு இருக்கும் ஒரு சமூகத்தில் வெளியார் தலையிடலாமா என்ற கேள்விக்கு, அவர்களுடைய மனநிறைவை வைத்து விடை காண முடியாது. வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாசலைத் திறக்கப் போகிறவர், முதலாளி கொடுத்துவந்ததை நாளை முதல் யார் கொடுப்பது என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் என் கட்சி.

1. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை

கொத்தடிமை மீட்பில் ஈடுபடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தொழிலாளி "நல்லா இருக்கேன்" என்று சொன்னால், பயத்தில் சொல்கிறார் என்பார்கள். அல்லது பழகிப்போன மனம் என்பார்கள். இதற்கு அறிஞர் உலகில் மதிப்பான பெயரே இருக்கிறது. நார்வே நாட்டு அறிஞர் யோன் எல்ஸ்டர் 1983-இல் எழுதிய நூலுக்கு எட்டாத திராட்சை புளிக்கும் என்ற நரிக்கதையையே தலைப்பாக்கினார். கிடைக்காததை விரும்பாமலிருக்க மனம் தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்பது அவர் வாதம். அமர்த்தியா சென் ஒரு சான்று காட்டுவார். வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944-இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் எடுத்த கணக்கெடுப்பு அது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடல்நிலை சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 விழுக்காடு. அந்தப் பெண்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவோமா? தன் உடம்பைப் பற்றிப் புகார் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

சிங்கூர் விதவைகளுக்கு இந்த விளக்கம் பொருந்தும். களத்தில் நின்ற பெண்ணுக்கு முழுவதும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அவருடைய அளவுகோல் சுருங்கியிருக்கவில்லை. வெளியே என்ன இருக்கிறது என்பதை அவர் சரியாகவே அளந்திருந்தார். வட மாவட்ட இருளர்கள் பாம்பு பிடித்தவர்கள், காட்டில் மூலிகையும் விறகும் எடுத்தவர்கள், வயலில் எலி பிடித்தவர்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையொட்டிப் பாம்புத்தோல் வணிகத்துக்கு வந்த தடையும் அவர்கள் பிழைப்பின் ஒரு பெரும் பகுதியைக் கொண்டுபோயின. சட்டம் சரியானது. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பது வேறு கேள்வி. நிலம் கிடையாது. பலரிடம் குடும்ப அட்டை கிடையாது. சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் அவர்கள். இந்த நிலையில் நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வண்டி அனுப்ப ஒருவர் இருக்கிறார். அவரை "நல்லவர்" என்று சொன்ன பெண்ணின் கணக்கில் எனக்குத் தவறு தெரியவில்லை. அவர் முதலாளிக்குக் கொடுத்த நற்சான்று, நமக்கு எதிரான குற்றப்பத்திரிகை. படிவத்தில் நான் அதை எழுதவில்லை.

2. சட்டம் என்ன கேட்கிறது

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை மாணவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கொத்தடிமை முறையை வரையறுக்கும் இடத்தில் துன்பம், கண்ணீர் என்ற சொற்களைத் தேடினால் கிடைக்காது. முன்பணத்துக்கோ, வழக்கத்துக்கோ, பிறந்த சாதிக்கோ ஈடாக ஒருவர் எதை இழந்திருக்கிறார் என்றுதான் அது பார்க்கிறது. கூலியில்லாமலோ பேருக்குக் கூலி வாங்கியோ வேலை செய்கிறாரா? வேறு வேலைக்குப் போக முடியுமா? நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போக முடியுமா? தன் உழைப்பையும் விளைவையும் சந்தை விலைக்கு விற்க முடியுமா? ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் போதும். தான் பட்ட கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்கிறது 15-ஆம் பிரிவு.

1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானங்களில் வேலை செய்தவர்களின் வழக்கில், உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு ஒருவர் வேலை செய்கிறார் என்றால், பசி அவரை நெட்டித் தள்ளியிருக்கிறது; அதுவும் கட்டாய உழைப்புதான் என்றது. தாமாக ஒத்துக்கொண்டார்களே என்ற வாதம் அதோடு எடுபடாமல் போயிற்று.

ஆகவே கிராம உதவியாளர் கேட்டதுதான் சட்டப்படியான கேள்வி. அவர் சட்டம் படித்தவரில்லை. முதலாளிமார்களையும் ஆட்களையும் நாற்பது வருடம் பார்த்தவர்.

இந்தச் சட்டத்தின் ஒரு குறையை மட்டும் சொல்கிறேன். குற்றம் நிரூபணமானால் மூன்றாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்பது 1976-இல் எழுதிய தண்டனை. ஒரு செங்கல் சூளையில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் முன்பணத்தில் இந்த 2,000 எத்தனையில் ஒரு பங்கு என்பதைச் சூளைப்பக்கம் போனவர்களே சொல்லட்டும்.

3. தீவில் இருப்பவர்கள் வேறு

தலையிடக் கூடாத இடமும் இருக்கிறது. அந்தமானின் வடக்கு சென்டினல் தீவு மக்கள் வெளியாரை அம்பு கொண்டு விரட்டுகிறார்கள். 2018 நவம்பரில் மதம் பரப்பப் போன அமெரிக்க இளைஞர் ஒருவர் அங்கே உயிரிழந்தார். கடலுக்கு இந்தப் பக்கம் நின்று கவனிப்பதோடு அரசு நிறுத்திக்கொள்கிறது. அதுவே சரி. அங்கே யாரும் யாரையும் பிடித்து வைக்கவில்லை. வாசல் அவர்கள் கையில் இருக்கிறது. உள்ளிருந்து அவர்களே சாத்தியிருக்கிறார்கள். "அவர்கள் வாழ்க்கையில் நாம் ஏன் தலையிட வேண்டும்?" என்று சூளைத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசும் கனவான்கள், இந்த வேறுபாட்டைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடுகிறார்கள்.

4. பூட்டு எங்கே இருக்கிறது?

இந்தப் பகுதிக்குச் சற்றே அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்கக் கூடாது என்றது. காகிதத்தில் அன்றோடு அடிமை முறை போயிற்று. தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் எந்தச் சேரியும் மறுநாள் காலையில் காலியாகிவிடவில்லை. எஜமானிடம் விசுவாசம், மண்ணோடு பாசம் என்று அதற்கு விளக்கம் சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

விசுவாசத்தைப் பாடிக்கொண்டிராமல் தரையைப் பார்த்தவர் ஒருவர் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்தார். பெயர் திரமென்ஹீர். 1891-இல் அவர் எழுதிய அறிக்கை ஒரு சாதாரண விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. பறையர் குடியிருக்கும் மனையே அவர்களுடையது கிடையாது. மிராசுதாரர் பேச்சைக் கேட்காவிட்டால் வேலை மட்டும் போகாது, குடிசையும் போகும். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய் "உன் எஜமான் எப்படி?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அந்த அறிக்கையின் விளைவாக 1892-இல் ஒதுக்கப்பட்டதைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். அதில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்பது இன்னொரு சொற்பொழிவுக்கு உரிய பொருள். வெளியிலிருந்து வந்த ஓர் ஆங்கிலேயர், மனத்தில் தேடாமல் மனையில் தேடினார் என்பதே எனக்கு வேண்டியது.

தஞ்சைக்கு வருவோம். பண்ணையாளுக்குக் கூலி நெல், நல்லது கெட்டதுக்கு ஆண்டை கொடுக்கும் பணம், தீபாவளிக்கு ஒரு வேட்டி. கூடவே சாணிப்பாலும் சவுக்கடியும். 1943-இல் கம்யூனிஸ்ட் கட்சி அங்கே அனுப்பிய பி. சீனிவாசராவ் கன்னடம் பேசியவர். ஊரும் அவருடையதில்லை, சாதியும் அந்தப் பண்ணையாட்களுடையதில்லை. முழுக்க முழுக்க வெளியார். மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் சங்கம் தொடங்கியவர், அடித்தால் வாங்கிக்கொண்டு போகாதே என்று சொல்லிக் கொடுத்தார். நம் கேள்விக்கு அவரிடம் ஒரு பாடம் இருக்கிறது. பேசிவிட்டுத் திரும்பிப் போகாமல், அந்த மக்கள் குடிசையில் சாப்பிட்டு, அங்கேயே ஒளிந்து வாழ்ந்து, 1961-இல் இறக்கும்வரை அந்த மாவட்டத்தின் மனிதராகவே இருந்தார். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலியை உயர்த்திக் கேட்ட மக்கள் அவர்கள். 1971-இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்றது. திரமென்ஹீர் கை வைத்த அதே பூட்டு. 80 ஆண்டு கழித்துத்தான் சாவி செய்தோம். 1976 சட்டத்தின் 8-ஆம் பிரிவும், விடுவிக்கப்பட்டவரை அவர் குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்றே சொல்கிறது.

என் ஆய்வுக்காகக் கீழத்தஞ்சையில் முதியவர்களிடம் பேசியபோது ஒன்றைக் கவனித்தேன். ஆண்டையைப் பற்றி அவர்கள் பேசும் பேச்சு, மனை தன் பெயருக்கு வந்ததற்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிகிறது. முன்பு நடந்ததைச் சொல்லும்போதுகூட, "அப்ப நல்லவர்னுதான் நெனச்சோம்" என்பார்கள். மனிதர் மாறவில்லை, ஆண்டையும் மாறவில்லை. பட்டா வந்திருந்தது. மனநிறைவு எவ்வளவு உண்மை என்று தெரிய வேண்டுமானால், ஆளுக்கு முதலில் மனையைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

5. ஜீப் திரும்பிப் போன பிறகு

செங்குன்றம் கதையை நான் பாதியில் விட்டேன். முழுவதும் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

எட்டுக் குடும்பங்களை அன்று மாலையே விடுவித்தோம். பாத்திரம் பண்டம், கோழிக்கூடு எல்லாம் வேனில் ஏற்றி, அவர்கள் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். விடுதலைச் சான்று கொடுத்தார்கள். ஒரு மூட்டை அரிசி வந்தது. எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். நான் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். நல்ல காரியம் செய்த களைப்பில் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் போனேன். அந்தப் பெண்ணின் குடும்பம் ஊரில் இல்லை. ஒரு செங்கல் சூளையில் தேடிப் பிடித்தேன். நடுராத்திரி எழுந்து மண் குழைத்து, விடியும்வரை கல் அறுத்துவிட்டு, பகலில் ஓலைக் கொட்டகையில் படுத்திருந்தார்கள். மறுபடி முன்பணம், மறுபடி வாரச் செலவுக்குக் கொஞ்சம் காசு, சீசன் முடிவில்தான் கணக்கு. ஏனம்மா என்றேன். கோபப்படாமல் சொன்னார்: "அங்க ராத்திரி புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைன்னா மொதலாளிகிட்ட போவேன். ஊர்ல யாருகிட்ட போறது? உங்க வூடு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே."

இது என் ஒருவனுடைய தவறு என்றால் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். பரிதாபாத் கல்குவாரிகளிலிருந்து விடுவித்து மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பியவர்கள் மாதக்கணக்கில் எந்த மறுவாழ்வும் இல்லாமல் வறுமையில் கிடந்ததைப் பத்திரிகையாளர் நீரஜா சௌத்ரி எழுதினார். அது வழக்காகி, 1984-இல் உச்ச நீதிமன்றம், மறுவாழ்வு இல்லாத விடுதலை அவர்களைத் திரும்பவும் அதே குழிக்குள்தான் தள்ளும் என்று அரசைக் கண்டித்தது. இன்றைய மத்திய அரசுத் திட்டத்தில் விடுவிக்கப்பட்ட ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்க்கு மூன்று லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. உடனடி உதவி 2016-இல் 20,000. பிறகு 30,000 வரை என்று உயர்ந்தது. தொகையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெருந்தொகை முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு வாய்தா வாய்தாவாகப் போகும். வயிற்றுக்கு வாய்தா கிடையாது.

வேறு மாதிரியும் தலையிட முடியும். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இயங்குகிறது. பாம்பைக் கொன்று தோல் எடுத்தவர்கள், அதே கைத்திறனில் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்து அந்த நஞ்சைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அங்கே யாரும் யாரையும் மீட்கவில்லை. இன்னொரு வாசலைக் கட்டினார்கள். அதில் உறுப்பினராக இருப்பவர் அரிசி ஆலை முதலாளியின் முன்பணத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும். திண்டிவனத்தில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி இருளர்களுக்காகப் பல ஆண்டுகளாக நடத்தும் சங்கப் பணியையும் இந்த வரிசையில் வைப்பேன். ராத்திரி காய்ச்சல் என்றால் யாரிடம் போவது என்று அங்கே மக்களுக்குத் தெரியும்.

6. திரும்பிப் போனால்?

எல்லாம் செய்த பிறகும் ஒருவர் சூளைக்கே திரும்பிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனை இருக்கிறது, அட்டை இருக்கிறது, கடன் இல்லை, பிள்ளை பள்ளியில் படிக்கிறது. ஆனாலும் கல் அறுக்கும் வேலைதான் எனக்குப் பிடிக்கிறது, அந்த முதலாளியைத்தான் பிடிக்கிறது என்கிறார். போகட்டும். அவரை மடக்கி உபதேசம் செய்யும் உரிமை எனக்கு இல்லை. சூளையில் வேலை செய்வதே அடிமைத்தனம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரின் பாதிக் கட்டடங்கள் அந்தக் கையால் எழுந்தவை. சனிக்கிழமை கணக்கு முடித்து ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களோடு மாமியார் வீட்டுக்குப் போக முடிகிறதா என்று மட்டும் கேட்பேன். முடிகிறது என்றால் அவர் மனநிறைவு அவருடையது. அதில் நமக்கு வேலையில்லை.

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். 1976 சட்டத்தின் 13-ஆம் பிரிவு மாவட்டந்தோறும், கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மூவருக்கு இடம் உண்டு. சமூகப் பணியாளர் இருவருக்கும் இடம் உண்டு. உங்களில் பலர் திருவள்ளூர், செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் நுழைந்து, இந்தக் குழுவில் இருப்பவர்கள் யார், கடைசியாகக் கூடியது எப்போது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள்.